வக்கீல் வந்தால் விமோசனமா?



"நமக்கு ஒரு நல்ல வக்கீல் கிடைத்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்." தோட்டத்துக் கூட்டங்களில் இந்தப் பேச்சு ஓயாமல் காதில் விழுகிறது. ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணியாகிய நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இன்றும் அப்படி எண்ணுவோர் சிங்கப்பூர் டேவிட் மார்ஷலின் வரலாற்றை ஒரு முறை கேட்டுவிட்டுப் பிறகு பேசட்டும்.

மார்ஷல் 1908-ல் சிங்கப்பூரில் பாக்தாத் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் சட்டம் படித்து 1937-ல் பாரிஸ்டரானார். யுத்தத்தில் தொண்டர் படையில் சேர்ந்து, ஜப்பானியரிடம் கைதியாகி, ஹொக்கைடோவில் கட்டாய வேலை செய்தார். பிறகு குற்ற வழக்குகளில் பேர் பெற்றார். யூதர் கைப்பிடி அளவே இருந்த ஊரில் இனத்தையோ மதத்தையோ காட்டி அவர் ஓட்டு வாங்கியிருக்க முடியாது. கொள்கையைக் காட்டித்தான் வாங்கினார். 1955 ஏப்ரல் 2-ல் அவருடைய தொழிலாளர் முன்னணி 25 இடங்களில் 10-ஐப் பிடித்தது. மார்ஷல் முதலமைச்சரானார்.

அவருக்கு உட்கார அறைகூடக் கொடுக்க வெள்ளைக்கார கவர்னருக்கு மனம் வரவில்லை. மரத்தடியில் மேசை போடுவேன் என்று மார்ஷல் மிரட்டிய பின்னர்தான் மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை கிடைத்தது. ஏழை எளியவர் நேரில் வந்து குறை சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தினார். அவர் ஆட்சியில் அமைந்த சர்வகட்சிக் குழு 1956-ல் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளுக்கும் சம நடத்தை வேண்டும் என்றது. தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு அது சின்ன விஷயமல்ல. நன்மையை மறைப்பது நன்றிகெட்ட செயல், ஆகவே சொல்லிவிட்டேன்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 1955 மே மாதம் ஹொக் லீ பஸ் தொழிலாளர் போராட்டம் கலவரமாகி 4 உயிர் போயிற்று. அவசரகால விதிகளை ஒழிப்பேன் என்று ஓட்டுக் கேட்டவர் அவ்வாண்டே பொதுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வழக்கில்லாமல், விசாரணையில்லாமல் ஒருவரை இரண்டு ஆண்டு அடைத்துவைக்கலாம் என்றது அச்சட்டம். கொலைக் குற்றவாளிக்கும் விசாரணை உண்டு என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவரின் ஆட்சியில்தான் இது நடந்தது! நம் கையில் இருக்கும்வரை அக்கிரமம் நடவாது என்று அவர் நம்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கை எத்தனை நாள் இருந்தது?

1956-ல் சுயாட்சி கேட்டு லண்டன் போனார். உள்நாட்டுப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வெள்ளையன் இசையவில்லை. பேச்சு முறிந்தது. முறிந்தால் விலகுவேன் என்று சொன்னபடி ஜூன் 7-ல் ராஜினாமா செய்தார். நாற்காலிக்காக நாக்குப் புரளும் அரசியல்வாதிகள் அவர் கால் தூசிக்கு ஆகார். ஆனால் அவர் போனார்; சட்டம் போகவில்லை.

அடுத்து அந்நாற்காலியில் உட்கார்ந்தவர் யார்? வக்கீல் அல்ல, லிம் இயூ ஹொக். கிராணி வேலை பார்த்தவர், குமாஸ்தாக்கள் சங்கத்துத் தலைவர். என்னைப் போன்றவர்! அதே ஆண்டு அக்டோபரில் 13 பேர் மாண்ட கலவரத்தின்போது லிம் சின் சியோங், தேவன் நாயர் முதலிய சங்கத் தலைவர்களை அவர் அரசு அடைத்தது. தேவன் நாயர் மலாக்காவில் பிறந்த ரப்பர் தோட்டக் கிராணியின் மகன். வக்கீல் செய்த பூட்டைக் கிராணி பூட்டினார். உள்ளே இருந்தவன் கிராணி மகன். 1963 பிப்ரவரி 2-ல் நூற்றுக்கு மேற்பட்டோரை அள்ளிக்கொண்டு போனபோதும் அதே பூட்டுத்தான். அப்போது ஆட்சியில் இருந்ததோ வேறு கட்சி.

ஆகவே, வக்கீல் கெட்டவன், தொழிலாளி நல்லவன் என்று சொல்ல நான் வரவில்லை. மார்ஷலின் கட்சி 1954-ல் பிறந்து சில மாதங்களில் ஆட்சிக்கு வந்தது. "இச்சட்டம் வேண்டாம்" என்று தலைவரின் சட்டையைப் பிடித்துக் கேட்கும் வலுவுள்ள கிளைகள் அதற்கு இல்லை. 1957-ல் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1961-ல் ஆன்சனில் வென்றார். 1963-ல் அக்கட்சியையும் விட்டார், தேர்தலிலும் தோற்றார். பின்னர் 1978 முதல் 1993 வரை பிரான்சில் தூதராயிருந்து, 1995-ல் மறைந்தார். பெரிய குரல்தான், பின்னால் சேனை இல்லை.

இது ஊரார் கதை என்று உதறிவிடாதீர்கள். நம் நாட்டில் 1960-ல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 1987-ல் 106 பேரைப் பிடித்தது, தொழிற்சங்கவாதி வி. டேவிட்டும் அவர்களில் ஒருவர். 2012-ல் அது போய் சொஸ்மா வந்தது. நம் எதிரியைப் பிடிக்கத்தானே என்று நாம் கைதட்டும் சட்டம் நம் வாசலுக்கும் வரும்.

வக்கீல் வரட்டும், வரவேற்போம். ஆனால் சங்கச் செயற்குழுவுக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டும். கிராணி தலைவனானாலும் அதே விதிதான். நான் ஆனாலும் அதே விதிதான். கூட்டத்துக்கு வாருங்கள், கேள்வி கேளுங்கள். கேட்காத சங்கத்தை எந்த பாரிஸ்டராலும் காப்பாற்ற முடியாது!