கொள்ளுமா, கொள்ளாதா? ஒரு கிரேக்க வினைச்சொல்

இன்றைய கிரேக்கத்தில் 'ஹொராஓ' என்று ஒரு சொல் உண்டு. பஸ்ஸில், சமையலறையில், துணிக்கடையில் என்று நாள் முழுக்கக் காதில் விழும். ஆங்கிலம் வழியாகக் கிரேக்கம் படிக்கும் நம் மாணவர்கள் இதை இரண்டு சொல்லாக மனப்பாடம் செய்கிறார்கள். அறை பத்துப் பேரைக் கொள்ளும் என்பதற்கு ஒரு பொருள். கால்சட்டைக்குள் உடம்பு நுழையவில்லை என்பதற்கு வேறொரு பொருள். வீண் வேலை! கிரேக்கருக்கு இரண்டும் ஒன்றே.

தமிழனுக்கும் ஒன்றுதானே? "இந்தப் பெட்டி எவ்வளவு கொள்ளும்?" என்கிறோம். "துணி பெட்டியில் கொள்ளவில்லை" என்றும் சொல்கிறோம். நம்ப முடியாத ஒன்றைக் கேட்டால் கிரேக்கர் 'மூளை அதைக் கொள்ளாது' என்பார், அதே வினையை வைத்து. கையில் 'கொள்' இருக்கும்போது ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவானேன்?

தடுக்கும் இடம் ஒன்றுதான், இறந்தகாலம். இதே வேரில் வந்த 'ப்ரொஹொரோ' (முன்னேறு) 'ப்ரொஹோரிஸா' ஆகிறது. அதைப் பார்த்து 'ஹோரிஸா' என்றால் தப்பு. 'ஹோரெஸா' என்பதே சரி. இதை நெட்டுருப் போடத்தான் வேண்டும்.

சொல் பழையது. பண்டைக் கிரேக்கத்தில் விலகி இடம் கொடு, நகர்ந்து போ என்ற பொருள்களும் இருந்தன. யோவான் நற்செய்தியில் கானா ஊர்க் கல்யாணத்தின் ஆறு கற்சாடிகள் எவ்வளவு கொள்ளும் என்று சொல்லுமிடத்தில் வருவது இதே வினைதான். மன்னிப்பதற்கான 'ஸிங்ஹொரோ'வும் இதன் உறவு. அதற்கு 'ஒரே இடத்தில் சேர்ந்து கொள்வது' என்று சிலர் அழகாக விளக்கம் தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பழைய பொருள் இணங்குவது, விட்டுக்கொடுப்பது.

நாட்டைக் குறிக்கும் 'ஹோரா'வும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். 2015-இல் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் வழியாகக் கிரீஸ் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக்கிலிருந்து வந்தவர்கள். லெஸ்வோஸ் தீவின் மோரியா முகாம், 2020 செப்டம்பரில் தீக்கிரையாகும் வரை, இருந்த இடத்தைப் போலப் பல மடங்கு ஆட்களை அடைத்து வைத்திருந்தது. அந்த முகாமைப் பற்றி 'கொள்ளாது' என்று ஒருவர் சொன்னால், குறை இடத்திலா, வந்தவர்களிடத்திலா? இந்த வினை இரண்டு பக்கமும் சாயும். எழுவாய் எது என்று பார்த்தால்தான் பேசுகிறவர் யாரைக் கைகாட்டுகிறார் என்று தெரியும். அகராதியின் இரண்டு பொருளை மட்டும் உருப்போட்டவருக்கு அது பிடிபடாது.