அண்ணன் காதில் பாட்டு, என் காதில் கொட்டு

போன வாரம் ஜொகூரிலிருந்து அண்ணன் போன் செய்தார். என் முட்டி வலி எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "டேய், அந்த ரப்பர் பாட்டு இருக்குல்ல, அதைப் புதுசா கழுவித் தொடச்சிப் போட்டிருக்கான்டா. கொட்டுச் சத்தமெல்லாம் கேக்குது லா! அதுல கொட்டு இருக்கிறதே எனக்கு இப்பதான்டா தெரியுது" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலை எங்கே போய்ச் சொல்ல? அந்தக் கொட்டு நாற்பது வருஷமாக என் காதில்தானே இருக்கிறது.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். பீடோங் பக்கத்தில், வாசலில் நின்றால் குனோங் ஜெராய் தெரிகிற ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். விடியுமுன்னே அப்பாவும் அம்மாவும் மரம் வெட்டப் போய்விடுவார்கள். பள்ளி இல்லாத நாளில் நாங்களும் கூடப் போய் மங்கு துடைப்போம். இரவில் இஞ்சின் ஓடுகிற வரைக்கும்தான் கரண்ட். பத்து மணிக்கு அது நின்றதும் லயமே இருட்டாகி, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் இருமல் மட்டும் கேட்கும். அந்த இருட்டுக்குத் துணையாக எங்களிடம் ஒரு வாக்மேன் இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா கொடுத்தது.

அண்ணன் ஒருநாள் சுங்கை பட்டாணி மணிக்கூண்டுப் பக்கம் போனவர் ஒரு கேசட்டோடு வந்தார். பீட்டில்ஸ் குழுவின் 'ரப்பர் சோல்'. இங்கிலீஷ் பாட்டெல்லாம் எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. "ரப்பர்னு போட்டிருந்துச்சு, நம்ம தோட்டத்தைப் பத்திப் பாடியிருப்பான்னு வாங்கிட்டேன்" என்றார். 1987இல் காப்புரிமைச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம் அது. அசல் எது, கள்ளக் காப்பி எது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அட்டையில் நாலு பேர் முகமும் இழுத்துவிட்ட மாதிரி நீண்டு கிடந்தது. கள்ள அச்சில் கோணலாகிவிட்டது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அசல் அட்டையே அப்படித்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

வாக்மேனோடு வந்த ஹெட்போனின் வளையம் சீக்கிரமே உடைந்துவிட்டது. பஞ்சு வைத்த இரண்டு காதும் தனித்தனியாகக் கயிற்றில் தொங்கின. ஒரு வகையில் அது வசதியாகவும் போயிற்று. ஒரே பாயில் படுத்துக்கொண்டு வலது காதை அண்ணன் எடுத்துக்கொள்வார், இடது காது எனக்கு. மூத்தவர் அவர், தேர்ந்தெடுக்கிற உரிமையும் அவருடையது.

பிரச்சினை அங்கேதான். 'ரப்பர் சோல்' 1965இல் நாலு தடங்கள் கொண்ட நாடாவில் பதிவானது. அக்டோபர் நடுவில் ஆரம்பித்து ஒரு மாதத்தில் முடித்தார்கள், டிசம்பர் 3ஆம் தேதி தட்டு கடைக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் மோனோதான் ராஜா. அதற்குத்தான் மெனக்கெட்டார்கள், ஸ்டீரியோவுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கவில்லை. அதனால் பெரும்பாலான பாட்டில் குரல்களை வலது பக்கம் தள்ளி, டிரம்ஸையும் பாஸ் கிதாரையும் இடது பக்கம் வைத்துவிட்டார்கள். நடுவில் ஒன்றும் கிடையாது. அண்ணன் காதில் பாட்டு, என் காதில் கொட்டு. அவர் வரிகளை முணுமுணுப்பார். நான் பாய் ஓரத்தில் விரலால் தாளம் போடுவேன். ஒரே கேசட்டை வருஷக்கணக்கில் கேட்டும் இரண்டு பேரும் கேட்டது வேறு வேறு பாட்டு.

"காதை மாத்திக்கலாம் அண்ணே" என்று அப்போதே கேட்டேன். கொடுக்கவில்லை. இன்றைக்கு வந்து, கொட்டு நன்றாக இருக்கிறதாம்!

அண்ணன் சொன்ன கழுவித் துடைக்கிற வேலையில் ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்று இரண்டு உண்டு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கலந்து முடித்த கடைசி நாடாவை எடுத்து, இரைச்சல் நீக்கி, ஒலியின் மட்டத்தைச் சீராக்கிக் கொடுப்பது ரீமாஸ்டர். சமைத்த குழம்பைச் சூடு பண்ணி உப்புப் பார்ப்பது மாதிரி. ரீமிக்ஸ் அப்படியில்லை. குரல், டிரம்ஸ், கிதார் என்று தனித்தனியாக இருக்கும் தடங்களுக்கே திரும்பிப் போய், மறுபடி முதலிலிருந்து கலப்பது. அது குழம்பையே புதிதாக வைப்பது. கடையில் இரண்டையும் ஒரே அலமாரியில்தான் அடுக்குகிறார்கள். வாங்குகிறவன் கண்ணில் படுவதெல்லாம் 'புதிய பதிப்பு' என்ற பளபளப்பு எழுத்துதான்.

என் கேசட் சுருள் சிக்கிச் செத்துப்போனதும், அதே கலவையைத் தேடி அலைந்தேன். 1987இல் முதன்முதலாகச் சிடி வந்தபோது, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே 'ரப்பர் சோலை' மறுபடி கலந்துவிட்டார். குரலும் கொட்டும் கொஞ்சம் நடுவை நோக்கி நகர்ந்தன. 2009 செப்டம்பரில் மொத்த பீட்டில்ஸ் ஆல்பங்களும் ரீமாஸ்டர் ஆகி வந்தபோது, ஸ்டீரியோ சிடிக்கு எடுத்துக்கொண்டது அந்த 1987 கலவையைத்தான். அப்படியானால் லயத்து இருட்டில் நான் கேட்ட 1965 ஸ்டீரியோ எங்கே போயிற்று? கேட்டால் சிரிப்பீர்கள். அதே நாளில் தனியாக விற்ற மோனோ பெட்டிக்குள், மோனோ பாட்டுகளுக்குப் பின்னால் இலவச இணைப்பாக ஒட்டவைத்திருந்தார்கள். ஸ்டீரியோ வேண்டுமென்றால் மோனோ வாங்க வேண்டுமாம். நாசி லெமாக் வேண்டும் என்றால் ரொட்டி சானாய் பொட்டலத்தைப் பிரித்துப் பார் என்கிற கதை. அந்தப் பெட்டியின் விலைக்கு அப்போது நான் ஒரு மாதம் மளிகை வாங்கியிருப்பேன்.

2023இல் இந்த ஆல்பத்தின் சில பாட்டுகளை இன்னொரு முறை கலந்து, தொகுப்பு ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். ஒரே தடத்தில் ஒட்டிக் கிடக்கும் குரலையும் வாத்தியத்தையும் கணினியைக் கொண்டு பிரித்தெடுக்கும் வித்தை இப்போது கைக்கு வந்துவிட்டது. குரல் நடுவில், கொட்டும் நடுவில், எல்லாம் கச்சிதம். அண்ணன் கேட்டுக் குதித்தது இதைத்தான்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009 பதிப்புகளுக்கு அபே ரோடு ஸ்டுடியோ பொறியாளர்கள் நாலு வருஷம் உழைத்தார்கள். இன்னும் சில பொறியாளர்கள், மேலே பூசிய பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுக்கிற 1970, 80களின் நாடாக்களை அடுப்பில் வைத்து, இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் காயவைத்துத்தான் ஒலிக்க விடுகிறார்கள். அந்தப் பொறுமையை நான் கும்பிடுகிறேன். நம் பக்கத்திலும் 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் துலக்கப்பட்டுத் திரைக்கு வந்ததே! விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையைப் பெரிய திரையரங்கில் முதன்முதலாகக் கேட்ட இளவட்டங்கள் வாயைப் பிளந்தார்கள். தூசி தட்டுகிற வேலையில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

என் கோபம் சத்தத்தின் மேல். சிடியில் ஒலிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் ஒரு சொட்டு ஏறாது. அடுத்தவன் தட்டைவிட நம் தட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்றால் ஒரே வழிதான். மெல்லிய இடங்களை எல்லாம் தூக்கிவிட்டு, உயரமான இடங்களின் தலையைச் சீவ வேண்டும். இந்த ஊர்க்காரர்களுக்கு இது புரியும். 1989இல் செர்ச் குழுவின் 'இசபெல்லா' வந்தபோது தோட்டத்துப் பையன்கள் பாதிப் பேர் தோள்வரை முடி வளர்த்தார்கள். கொஞ்ச வருஷத்தில், நீள முடியோடு யாரும் அரசு தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. செர்ச், விங்ஸ் ஆட்கள் முடியை வெட்டிக்கொண்டுதான் திரும்பி வந்தார்கள். ரீமாஸ்டர் செய்கிறவர்கள் பலர் பாட்டுக்குச் செய்வதும் அதே முடிவெட்டுதான். ஆனால் முடி வளர்ந்துவிடும். சீவிய ஒலி வளராது.

புதுப் பாட்டுக்கும் இந்தக் கதிதான். 2008இல் மெட்டாலிக்கா வெளியிட்ட 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம் சிடியில் கரகரத்தது. அதே பாட்டுகள் ஒரு வீடியோ விளையாட்டில் தெளிவாக ஒலித்தன. மறுபடி கலந்து கொடுங்கள் என்று ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போது பாட்டுச் செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு இறக்கித்தான் ஒலிக்க விடுகின்றன. கத்தினவனுக்கு எந்த லாபமும் இல்லை. தலை போனதுதான் மிச்சம்.

ஒரே சரக்கை எத்தனை தடவை விற்பது என்பதற்கும் கணக்கில்லை. டீப் பர்ப்பிள் குழுவின் 'மெஷின் ஹெட்' 1972இல் வந்தது, மொத்தம் ஏழு பாட்டு. 1997இல் ஒரு பதிப்பு, 2012இல் ஒரு பதிப்பு, 2024இல் இன்னொன்று. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரி நடந்த சூதாட்ட விடுதி தீப்பிடித்து எரிந்தது. அதைப் பார்த்துப் பிறந்த பாட்டு அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. 2024 பதிப்பைப் புதிதாகக் கலந்தவர் யார் தெரியுமா? அதே ஜாப்பாவின் மகன் டுவீசில். அப்பா கச்சேரியில் தீ, மகன் கையில் கலவை. இதை மட்டும் நான் ரசித்தேன், மறைக்கவில்லை. ஆனால் ஏழாவது பாட்டு முடிந்ததும் முன்பெல்லாம் ஓர் அமைதி வருமே, அது எங்கே? 1997 முதல், அன்றைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த பாட்டு ஒன்றைக் கடைசியில் சேர்த்துவிட்டார்கள். நல்ல பாட்டுதான். விருந்து முடிந்து கை கழுவப் போனவனை இழுத்து உட்காரவைத்து இன்னொரு கரண்டி போட்டால் எப்படி இருக்கும்?

தமிழ்ப் பாட்டுக்கு வந்தால் கதை இன்னும் மோசம். 1978இல் வந்த 'ப்ரியா'தான் தமிழில் ஸ்டீரியோ பதிவுக்கு வழி திறந்தது. இளையராஜா எந்த வாத்தியத்தை எந்தப் பக்கம் உட்காரவைத்தார் என்று கேட்டுக் கேட்டே பழகின தலைமுறை நாங்கள். இன்றைக்கு யூடியூப்பில் அதே பாட்டைத் தேடினால் 'ரீமாஸ்டர்' என்று இருபது வருகிறது. யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பாஸைத் திருகிவிட்டு, எக்கோவைக் கொட்டி, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் தன் பெயரையும் சொருகிவிடுகிறார். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி கட்டினவர்கூட இவ்வளவு அட்டூழியம் செய்ததில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. பக்கத்துப் பினாங்கில் புறப்பட்ட அலிகேட்ஸ் குழுவை எங்கள் வயதுக்காரர்கள் மறக்க முடியாது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற இரண்டு தமிழ்ச் சகோதரர்கள், பெரிய பந்து மாதிரித் தலைமுடியோடு மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே கட்டிப்போட்டார்கள். லோகா 2007இல் போய்விட்டார். இனி அவர் வந்து பாடப் போவதில்லை, நாடாவில் இருப்பதுதான் அவர் குரல். மூச்சு வாங்குகிற சத்தத்தை இரைச்சல் என்று துடைத்துவிட்டால் திரும்ப எங்கே போய்ப் பதிவு செய்வது? செயலிகளில் புதுப் பதிப்பு ஏறியதும் பல சமயம் பழையது சத்தமில்லாமல் காணாமல் போகிறது. நான் சேர்த்துவைத்த பட்டியலிலேயே நாலைந்து பாட்டு ஒரு காலையில் வேறாகிவிட்டன. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதுசை விற்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? பழசையும் பக்கத்தில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அண்ணனிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, தீபாவளிக்கு வரும்போது ரெண்டு பேரும் கேப்போம். இந்தத் தடவ இடது காது எனக்கு" என்றார்.

இப்போதுதான் கொடுக்க மனசு வந்திருக்கிறது. அந்த மனுஷனுக்காகவாவது பழைய கலவையைக் கண்டுபிடித்தாக வேண்டும். புதுப் பதிப்பில் எந்தக் காதை எடுத்தாலும் கொட்டு கேட்குமே!

ஆகையால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கம் தோட்டத்திலிருந்து தாமான் வீட்டுக்கு மாறின எத்தனையோ குடும்பங்களில், கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறையக் கேசட்டும் இசைத்தட்டும் கிடக்கும். பூஞ்சணம் பிடித்திருக்கும், பரவாயில்லை. பழைய பேப்பர் லாரி "சூராட் காபார் லாமா" என்று கூவிக்கொண்டு வரும்போது அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லாரியில் ஓடுகிற அந்தக் கரகரத்த குரல் ஒன்றைத்தான் இந்த ஊரில் இதுவரை யாரும் ரீமாஸ்டர் செய்யவில்லை.