எல்லாமே 'ஸ்டார்ட்' தானா?

போன வாரம் வீட்டுக் களத்தில் மல்லாட்டை காயப் போட்டிருந்தோம். நான் கிரிவலப் பாதையில் டீக்கடையில் இருந்தேன். பேரன் போன் செய்தான். "தாத்தா, மழை ஸ்டார்ட் ஆயிடுச்சு."

"தூறல் போடுதா, பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டேன்.

"அதான் ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு சொல்றேனே!"

தூறல் என்றால் தார்ப்பாய் போர்த்தினால் போதும். பிடித்த மழை என்றால் எல்லாவற்றையும் வாரி உள்ளே போட வேண்டும். பையனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மல்லாட்டை நனைந்தது.

இதே பையன் ஆங்கிலத்தில் கெட்டிக்காரன். போருக்கு 'பிரேக் அவுட்', பயணத்துக்கு 'செட் ஆஃப்' என்று எதோடு எது சேரும் என்பதை மனப்பாடமாக ஒப்பிக்கிறான். மாற்றி எழுதினால் மார்க் போய்விடும். நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியிலும் போர் 'வெடிக்கும்'. விறகு தீயை 'எடுத்துக்கொள்ளும்'. பிறத்தியார் மொழிக்கு இத்தனை மரியாதை கொடுக்கிறோம். தமிழுக்கு மட்டும் ஒரே ரப்பர் ஸ்டாம்பா?

நமக்கு இல்லாததா? சண்டை மூளும். தீ பற்றும். தை பிறக்கும். வலி எடுக்கும். பனி இறங்கும். பல் முளைக்கும். மாடு சினை பிடிக்கும். அம்மை போடும். கடையில் முதல் வியாபாரம் போணி.

நம்மூர் தீபத்தையே பாருங்கள். பந்தக்கால் நட்டாச்சு என்றால் இன்னும் நாள் இருக்கிறது. கொடி ஏறிடுச்சு என்றால் பத்தாம் நாள் மலைமேல் தீபம். 'தீபம் ஸ்டார்ட் ஆயிடுச்சு' என்றால் வெளியூர்க்காரர் எந்த நாளுக்கு பஸ் ஏறுவார்?

"சார், நீங்க தனித்தமிழ் கட்சியா?" என்று கேட்பீர்கள். இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். அரசாணை 'அமலுக்கு' வரும் என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அமல் அரபுச் சொல். அது வந்து ஒரு வேலையைச் செய்தது. யாரையும் வெளியே தள்ளவில்லை. ஸ்டார்ட் அப்படியில்லை. வண்டிக்கு வந்த சொல், வண்டியோடு நின்றிருந்தால் வம்பில்லை. இன்று மழை, வலி, சண்டை, திருவிழா எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அவர்கள் காதில் விழும்படி நாம் பேசவில்லை. நானும் அந்தக் குற்றவாளிதான். இனி வீட்டில் யாராவது 'ஸ்டார்ட்' என்றால், திட்டாமல் "எப்படி?" என்று ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

நேற்று சாயங்காலம் பேரன் வாசலிலிருந்து கத்தினான். "தாத்தா, தூறல்தான் போடுது!"

தார்ப்பாயோடு போனேன்.