பாத்துச் சொல்லுதோம்

ஆடி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். ஆய்க்குடி பஜாரில் டீக்கடை பெஞ்சில் வழக்கம்போல ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். எங்களில் ஒருவர் மகனுக்கு வாங்கிய புதுப் போன் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. மேற்கே மலையைப் படமெடுத்து, மேகத்துக்குள் அது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பெரிதாக்கிப் பார்த்தோம். எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும், கையில் வழுக்குமா, போன வருஷத்து மாடலைவிட இதில் என்ன கூடுதல் என்று அரைமணி நேரம் பேசினோம்.

சக்கர நாற்காலியில் ஒரு தம்பியைத் தள்ளிக்கொண்டு வந்த அவருடைய அக்கா, மழைக்குக் கடையோரம் ஒதுங்கினார். தம்பிக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. எங்கள் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தம்பி கேட்டார்:

"அண்ணாச்சி, இத வாயில குச்சி வச்சுத் தட்டுனா எடுக்குமா?"

எங்களுக்குத் தெரியவில்லை. "பாத்துச் சொல்லுதோம் தம்பி" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினோம். சாரல் விட்டதும் அக்காவும் தம்பியும் போய்விட்டார்கள். நாங்கள் பார்க்கவில்லை. சொல்லவும் இல்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

எழுதுவது நான். ஒப்புக்கொள்வது ஐந்து பேரும்.

எங்களில் யாரும் தொழில்நுட்பம் படித்தவர்கள் இல்லை. உரக்கடை, வேன், பள்ளிக்கூடம், பத்திர எழுத்து, வயல் என்று பிழைப்பு வேறு. ஆனாலும் பத்துப் பதினைந்து வருஷமாக இந்தப் பக்கம் யார் போன் வாங்கினாலும், டிவி மாற்றினாலும், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தென்காசிக்கு பஸ் ஏறுவார்கள். அந்த நம்பிக்கைக்குத் தகுந்த கேள்விகளை நாங்கள் கேட்டோமா என்பதுதான் உறுத்துகிறது. கேமரா கேட்டோம், பேட்டரி கேட்டோம், விலை எப்போது இறங்கும் என்று கேட்டோம். இதை யாரால் பயன்படுத்த முடியாது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது தோன்றாமல் போயிருக்கலாம். நாங்கள் ஆய்க்குடிக்காரர்கள். 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்து ஊர் திரும்பிய எஸ். ராமகிருஷ்ணன் எங்கள் ஊர்க்காரர். அப்போது அவர் பொறியியல் மாணவர். தனக்குச் சிகிச்சை அளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-ல் அமர் சேவா சங்கத்தை இங்கே தொடங்கினார். ஓலைக் கூரையின் கீழ் ஐந்து குழந்தைகளோடு ஆரம்பித்த பள்ளி அது. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருக்கும் ஆடிட்டர் எஸ். சங்கரராமன் பிறகு அவரோடு வந்து சேர்ந்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அந்தச் செய்தியை நாங்கள் எல்லோருக்கும் அனுப்பினோம். எங்கள் ஊரின் பெயர் வெளியூர்களில் தெரிவதற்கு அந்தச் சங்கத்தின் வளாகம் ஒரு பெரிய காரணம் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அந்தச் சங்கம் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்று ஒரு செயலியை வைத்திருக்கிறது. வளர்ச்சி தாமதப்படும் சிறு குழந்தைகளின் வீட்டுக்குப் போகிற கிராமத்து மறுவாழ்வுப் பணியாளர், குழந்தை கழுத்து நிற்கிறதா, தவழ்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்த்து அதில் பதிவு செய்வார். தூரத்திலிருக்கும் சிகிச்சையாளர் அதைப் பார்த்து, அடுத்து என்ன பயிற்சி என்று சொல்வார். தெரபிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்க முடியாத தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஊரின் ஒரு பக்கத்தில் ஒரு சாதாரண போன் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது, இன்னொரு பக்கத்தில் நாங்கள் கேமராவுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த வளாகத்துக்கு நடந்தே போய்ப் பார்த்துவிடலாம். போகவில்லை.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். பழைய கீபேடு போனை எந்தக் குச்சியாலும் அழுத்தலாம். பேனா மூடியால் அழுத்தலாம், பல்லில் கடித்த பென்சிலால் அழுத்தலாம். பார்வையில்லாதவர்களுக்கும் அது கைவசப்பட்டது. 5-ம் எண்ணின் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். விரல் அதைத் தொட்டுவிட்டால் மற்ற எண்களெல்லாம் எங்கே என்று கை தானாகக் கண்டுகொள்ளும். ஆரம்பகாலத் தொடுதிரைகளில்கூடப் பல, அழுத்தினால் வேலை செய்பவை. நகம் பட்டாலும் எடுக்கும். 2007-ல் ஐபோன் வந்த பிறகு பரவிய திரை வேறு மாதிரி. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. மின்சாரம் கடத்தும் உடம்பு அதைத் தொடும்போது அந்த இடத்தில் மின்புலம் மாறும்; அதை வைத்தே எங்கே தொட்டோம் என்று போன் கணக்கிடுகிறது. மரக்குச்சியும் பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்தாது. திரைக்கு அவை இல்லாத பொருள்.

பட்டன் போனதை நாங்கள் கொண்டாடினோம். 'முழுத் திரை' என்பதை ஒரு பெருமையாகச் சொல்லி எத்தனை பேருக்கு விற்றுக்கொடுத்திருப்போம்! ஒரு மேடு மறைந்ததில் ஒரு மனிதரின் கை வழி தவறும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இத்தனைக்கும் வழி இருந்தது. 2009-லேயே ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் வந்துவிட்டன. விரல் எதன்மேல் படுகிறதோ அதைப் போன் வாய்விட்டுச் சொல்லும். இரண்டு முறை தட்டினால் திறக்கும். தமிழிலும் பேசும். ஒன்றிரண்டு பொத்தான்களை மட்டும் வைத்து முழுப் போனையும் இயக்கும் ஸ்விட்ச் ஆக்ஸஸ் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோது, ஓரத்தில் புதிதாக வைத்த கேமரா பொத்தான் தேவையா என்று நாங்கள் ஒரு வாரம் பேசினோம். அதே மாதம் வெளியான ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 18-ல், கண்ணை அசைத்தே திரையை இயக்கும் வசதி இருந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவருக்கு அந்த மாதத்தின் பெரிய செய்தி அதுதான். எங்கள் பெஞ்சில் அது ஒரு நிமிடம்கூடப் பேசப்படவில்லை.

வீட்டுக்குள் செய்ததை இன்னும் சொல்லவில்லை. அது இதைவிடக் கனமானது.

புதுப் போன் வாங்கினால் பழையது யாருக்குப் போகும்? அப்பாவுக்கு, அம்மாவுக்கு. ஐந்து வீட்டிலும் இதுதான் வழக்கம். மூலையில் கீறல் விழுந்த, மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிற, ஸ்பீக்கர் கரகரக்கிற போனை, வீட்டிலேயே கண் மங்கியவருக்கும் காது மந்தமானவருக்கும் விரல் நடுங்குகிறவருக்கும் கொடுத்தோம். "அவங்களுக்கு இது போதும்" என்றோம். நல்ல திரையும் நல்ல ஒலியும் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது இல்லாமல் செய்தோம்.

என் அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றியவள். இலை வெட்டி, தூள் அடைத்து, நூல் சுற்றித் தேய்ந்த விரல்கள். ரேஷன் கடைக் கைரேகை இயந்திரத்தில் நாலைந்து தடவை வைத்துப் பார்ப்பாள். நான் கொடுத்த போனில் கைரேகைப் பூட்டு வைத்திருந்தேன், ரொம்ப வேகமாகத் திறக்கும் என்று பத்துப் பேரிடம் சொன்ன அதே பூட்டு. அவள் விரலுக்கு அது திறக்கவில்லை. "ஏய்யா, இது என்னைய யாருன்னு கேக்குது" என்றாள். நான் சிரித்துவிட்டு நம்பர் பூட்டாக மாற்றிக் கொடுத்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. இந்த மாவட்டத்தில் பீடி சுற்றாத தெரு குறைவு. கைரேகை வசதிக்கு நாங்கள் நல்ல பெயர் கொடுத்தபோதெல்லாம் அந்தத் தெருக்கள் எங்கள் கண்ணில் படவே இல்லை.

ஒரு நிமிடம் குற்றாலத்துக்குப் போய் வருகிறேன். சீசனில் அருவிக்கரையில் நின்று போனை எடுத்தால், ஈரக்கையில் திரை பித்துப் பிடித்தது போலத் தாவும். நாம் தொட்ட இடம் ஒன்று, திறப்பது இன்னொன்று. தண்ணீரும் மின்சாரம் கடத்துமே! எல்லோரும் எரிச்சல்படுவோம், துண்டில் கையைத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும். கை நடுங்குகிற ஒருவருக்கு, விரல் மரத்துப்போன ஒருவருக்கு, போன் எப்போதுமே அப்படித்தான் இருக்கிறது. துடைத்துச் சரிசெய்ய அவர்களிடம் துண்டு இல்லை. வருஷா வருஷம் பத்து நிமிடம் அந்த அனுபவம் எங்களுக்கும் கிடைத்தது. அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

போனோடு நிற்கவில்லை. மேடுபள்ளமில்லாத கண்ணாடிப் பலகையோடு வந்த இண்டக்‌ஷன் அடுப்பை, 'துடைக்க லேசு' என்று பரிந்துரைத்தோம். பார்வையில்லாத ஒரு பெண் எந்த இடத்தைத் தொட்டு அதை அணைப்பார்? திருகுக் குமிழ் வைத்த பழைய அடுப்பில் கையால் தடவியே தீயைக் குறைத்திருப்பார்.

பக்கத்து ஊர்ப் பெருமை ஒன்று உண்டு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் வந்ததும், அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அங்கேயே வந்து குடியிருந்ததும் எங்களுக்குச் சொந்தச் செய்தி மாதிரி. 2021-ல் வந்த அவர்களுடைய 'அரட்டை' செயலி 2025 செப்டம்பரில் திடீரென்று நாடு முழுக்கப் பேசப்பட்டபோது, ஒரே நாளில் ஐந்து பேரும் இறக்கிக்கொண்டோம். வாட்ஸ்அப்போடு ஒப்பிட்டோம். இரவு பத்துமணிவரை பேசினோம். அதையோ, அதற்கு முன் புகழ்ந்த எந்தச் செயலியையோ, டாக்பேக்கைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி ஒரு தடவை நடத்திப் பார்த்தோமா என்றால் இல்லை. பார்த்திருந்தால் நிறைகுறையைச் சொல்லியிருக்கலாம். உருவாக்குகிறவர்கள் இத்தனை அருகில் இருக்கும் அதிர்ஷ்டம் எத்தனை ஊருக்குக் கிடைக்கும்?

சட்டமும் எங்களுக்கு முன்னால்தான் இருந்தது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-ம் பிரிவு நுகர்பொருள்களைப் பற்றியே பேசுகிறது: எல்லோரும் பயன்படுத்தக்கூடிய வடிவமைப்பில் பொருள்கள் உருவாகவும் விற்கப்படவும் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. அமிலத் தாக்குதலுக்கு ஆளான ஒரு பெண், கண் சிமிட்டச் சொன்ன கேஒய்சி அடையாளச் சோதனையில் சிமிட்ட முடியாமல் நின்றதிலிருந்து எழுந்த வழக்கு அது. பேப்பரில் படித்தோம், பக்கத்தைத் திருப்பினோம்.

ஊர்ப் பெருமை பேசும்போது சங்ககால வள்ளல் ஆய் அண்டிரனை விடமாட்டோம். தெற்கே ஆய்க்குடி இல்லாவிட்டால் இந்த உலகமே புரண்டுவிடும் என்று புறநானூற்றில் ஒரு புலவர் சொல்லியிருப்பதை மேடைதோறும் எடுத்துச் சொல்வோம். அந்தப் புலவரின் பெயர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். கால் ஊனமுற்றவர் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். உறையூர் எங்கே, பொதிகை அடிவாரம் எங்கே! அது உண்மையென்றால், அத்தனை தூரம் நடக்க முடியாத கால்களோடு வந்த ஒருவருக்கு வழி விட்டதால்தான் எங்கள் ஊருக்கு அந்தப் பாட்டு கிடைத்தது. பள்ளிக்கூட வாத்தியார் போன மாதம் இதைச் சொன்னபோது பெஞ்சில் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தில்தான் சாரல் நாள் நினைவுக்கு வந்தது.

மறுநாள் உட்கார்ந்து பார்த்தோம். பென்சிலைப் பல்லில் கடித்துத் தட்டினோம், எடுக்கவில்லை. சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றினோம். நுனி கூராக இருந்ததால் அப்போதும் எடுக்கவில்லை. நுனியைத் தட்டையாக்கியதும் எடுத்தது. ஐந்து பேரும் மாறி மாறி ஒரு செய்தி தட்டச்சு செய்தோம். நாலு வரிக்குள் கழுத்து வலித்தது. டாக்பேக்கைப் போட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு, தினமும் திறக்கும் செயலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டோம். சில நன்றாகப் பேசின. சிலவற்றில் பெயர் வைக்காத பொத்தான்களைத் தொட்டபோது, எதற்கான பொத்தான் என்று சொல்லாமல் வெறும் 'பட்டன்', 'பட்டன்' என்று மட்டும் குரல் வந்தது. எது பணம் அனுப்புவது, எது திரும்பிப் போவது என்று தெரியாமல் விரல் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்கினேன். அரை நிமிட வேலை. ஆறு வருஷமாக அவள் அந்தச் சின்ன எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தத் தம்பியைத் தேடலாம் என்றால், அவர் பெயரை நாங்கள் கேட்டிருக்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. இது அவர் கண்ணில் பட்டால்:

தம்பி, வெறும் குச்சி எடுக்காது. நுனியிலிருந்து உங்கள் உதடு படுகிற இடம்வரை விடாமல் அலுமினியத் தாள் சுற்ற வேண்டும். நுனி ஒரு பட்டாணி அளவுக்குத் தட்டையாக இருக்க வேண்டும். தாள் கிழிந்து உதட்டைக் கீறும். கடிக்கிற இடத்தை மட்டும் அக்காவிடம் சொல்லி மெல்லிய துணியால் மூடிக்கொள்ளுங்கள், உதடு தாளைத் தொடுகிற அளவு விட்டுவிட்டு. நீங்கள் இதற்குள் இதைவிட நல்ல வழி கண்டுபிடித்திருப்பீர்கள். அதை எங்களுக்குச் சொல்லுங்கள். சாயங்காலம் அதே பெஞ்சில்தான் இருப்போம்.