எந்தப் பெயரை எழுதுவோம்?



பள்ளிச் சேர்க்கையானாலும் பாஸ்போர்ட்டானாலும், விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வளர்ந்த தமிழருக்கு அது புதிது. பிழைப்பை நாடி ஆனேக்கல், ஜிகணி, அத்திப்பள்ளிப் பகுதிகளுக்கு வந்த நம்மில் சிலர் அங்கே தகப்பன் பெயரை எழுதுகிறார்கள். சிலர் ஊர்ப் பெயரை எழுதுகிறார்கள். வேறு சிலரோ, ஞானஸ்நானத்தில் களைந்துபோட்ட சாதிப் பெயரையே எழுதிவிடுகிறார்கள். தண்ணீரில் விட்டது தாளில் திரும்பி வருகிறது!

நம் தமிழ்ச் சபைச் சரித்திரத்திலிருந்து ஒரு குடும்பப் பெயரைப் பாருங்கள். சத்தியநாதன் என்னும் பெயருடைய ஒருவர் 1790-லேயே தஞ்சாவூரில் குருவாக அபிஷேகம் பெற்றார். பின்பு, திருநெல்வேலி மிஷன் பள்ளியில் பயின்ற திருவேங்கடம் என்ற வாலிபர் 1847-ல் ஞானஸ்நானம் பெற்று, வில்லியம் தாமஸ் சத்தியநாதன் ஆனார். சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் நெடுங்காலம் போதகராயிருந்தார். அவர் தரித்துக்கொண்ட பெயர் குலத்தை அறிவிக்கவில்லை. சத்தியத்தின் நாதரை அறிவித்தது.

அவருடைய மனைவி அன்னாள் அம்மையார், ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்களைத் தேடிச் சென்று கல்வியும் சுவிசேஷமும் போதித்தார். மகன் சாமுவேலை மணந்த கிருபாபாய் மராத்தியர். 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், சரீர பெலவீனத்தால் படிப்பை விட்டு நாவலாசிரியரானார். 1894-ல், 32 வயதில், மரித்தார். அதன்பின் சாமுவேல் மணந்த கமலா தெலுங்கர். 1901-ல் பெண்களுக்கென்று ஆங்கில மாத இதழைத் தொடங்கிய அவர், 1906-ல் விதவையான பின்னும் அதை நடத்தினார். ஒரே பெயருக்குள் தமிழும் மராத்தியும் தெலுங்கும் சேர்ந்தன. சாதிப் பெயருக்கு இத்தனை அகலமான வாசல் உண்டா?

ஆனாலும் பெயர் ஒருவரையும் பரிசுத்தராக்குவதில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று அனனியாக்கள் உண்டு. 5-ஆம் அதிகாரத்து அனனியா பொய் சொல்லி விழுந்தான். 9-ஆம் அதிகாரத்து அனனியா, சபையைத் துன்பப்படுத்தின சவுலைச் சகோதரன் என்றழைத்துக் கைகளை வைத்தான். 23-ஆம் அதிகாரத்து அனனியா, அதே பவுலின் வாயில் அடிக்கக் கட்டளையிட்டான். பெயர் ஒன்று; கைகள் செய்ததோ வெவ்வேறு.

ஆகையால் பெற்றோரே, பிறப்புச் சான்றிதழ் எழுதும்போதே தீர்மானியுங்கள். ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே குடும்பப் பெயரும் அதற்கு ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலும் இருக்கட்டும்; எழுத்து மாறினால் பிற்காலத்தில் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். சாதியை அந்தக் கட்டத்தில் எழுதாதிருங்கள். தகப்பன் பெயரை எழுதுகிறவரோ, தம் பிள்ளை ஆயுள் முழுவதும் அதைச் சுமக்கப்போகிறது என்பதை நினைத்து, அதற்கேற்றபடி நடக்கக்கடவர்.

கர்த்தர்தாமே உங்கள் சந்ததியை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.