மினுங்குற சில்லை நம்பாதேங்கோ

1948இல் அறிமுகமான மொறிஸ் மைனர் யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுது. அதின்ர இரும்புச் சில்லுக்குப் பவுடர் கோற்றிங்தான் உறுதி எண்டு கன பேர் சொல்லுகினம். உறுதிதான்; 200 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி இறுக்குகிற பூச்சு. ஆனால் கல்லடிச்சு ஓரிடத்தில் பெயர்ந்தால் உப்புக்காற்றின் ஈரம் உள்ளே போய், பூச்சுக்குக் கீழேயே கறள் பரவும். வெளியில சில்லு புதுசு மாதிரி மினுங்கும். அந்த இடத்தை மட்டும் திருத்துறதும் கஷ்டம், முழுக்கச் சுரண்டவேணும்.

நாங்கள் சொல்லுறது: கறளைச் சுத்தமா எடுத்து, எபொக்சி பிறைமர் அடிச்சு, மேலே ஹார்ட்னர் கலந்த பெயின்ற். பெயர்ந்த இடத்தைத் தேய்ச்சுத் திரும்ப அடிக்கலாம். பளபளப்புக் கொஞ்சம் குறையட்டுமே.

எதைப் பூசினாலும் நட்டு இருக்கிற இடத்தில் தடிப்பாப் பூச விடாதேங்கோ. பூச்சு நசிஞ்சால் நட்டு இளகும், ஓட்டத்தில் சில்லே கழரலாம். முதல் ஓட்டம் முடிஞ்சதும் ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ.