கரைச்சேறும் கொஞ்சம் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வலசைப் பறவைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் பூநாரையும் கூழைக்கடாவுமே பக்கத்தை நிறைத்துவிட்டன. உள்ளான்களுக்கு ஒரு வரிகூட இல்லை. ஐப்பசி மழை பிடிக்குமுன், ஆவணி, புரட்டாசியிலேயே வந்து இறங்குபவை அவைதான்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிறவர்கள் வரித்தலை வாத்து எங்கே என்றுதான் விசாரிக்கிறார்கள். இமயத்தைத் தாண்டி வரும் பறவை, விசாரிக்கட்டும். ஆனால் காலடிக்குப் பக்கத்துச் சேற்றில் ஓடித் திரியும் கொசு உள்ளான், சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு வருவது. எடை சுமார் 25 கிராம்! அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உள்ளான் போன்றவற்றுக்கு ஆழமான தண்ணீர் ஆகாது. கொசு உள்ளானுக்கு ஈரச்சேறு போதும். கால் நீண்ட கருவால் மூக்கன் சற்று உள்ளே இறங்கும். ஊசிவால் வாத்துகூட, தலைகீழாகக் கவிழ்ந்து கழுத்து எட்டும் ஆழத்தில்தான் மேயும். ஏரி நிரம்பி வழிந்தால் நமக்கு மகிழ்ச்சி. அவற்றுக்கோ இரை கிடைப்பது விளிம்பில்.

தூர்வாருகிறோம் என்று பொக்லைனை இறக்கி, கரையைச் சுற்றிலும் செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். பாசனத்துக்கு நீர் வேண்டும், மறுக்கவில்லை. நடுவில் ஆழப்படுத்திக்கொண்டு, ஒரு பக்கத்தையாவது சரிவாக விடலாமே. நகரத்து ஏரிகளில் நடைபாதைக் கல்லும் மின்விளக்கும் அந்தச் சரிவையும் விழுங்கிவிடுகின்றன. அதைத்தான் ‘அழகுபடுத்துதல்’ என்கிறோம்.

அடுத்த முறை ஓர் உள்ளானின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி